பழைய அனிமே படங்களின் ரீமாஸ்டர் டிஸ்க் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) படம் ஒன்று புதுப் பெட்டியில், '4கே ரீமாஸ்டர்' என்ற முத்திரையோடு வரும்போதெல்லாம் நண்பர்கள் எனக்கு அனுப்பும் கேள்விகள் இவை. டிவிடி காலத்திலிருந்து இந்தப் பைத்தியம் பிடித்து அலைகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். ஒரே படத்தை மூன்று தடவை காசு கொடுத்து வாங்கிய ஆள் சொல்லும் பதில் இது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். வாங்கலாமா, வேண்டாமா?

'செல்' எனப்படும் பிளாஸ்டிக் தாளில் வரைந்து 35 எம்எம் ஃபிலிமில் எடுத்த படமா? அந்த ஃபிலிமிலிருந்தே புதிதாக ஸ்கேன் செய்திருக்கிறார்களா? அப்படியானால் வாங்கலாம். 2000க்குப் பிறகு கணினியில் வண்ணம் தீட்டிய படத்தை 4கே என்று விற்றால், கையில் இருக்கும் ப்ளூரே (டிவிடிக்கு அடுத்த தலைமுறை டிஸ்க்) போதும். ஒருமுறை பார்த்துவிட்டு மறந்துவிடும் படம் என்றால் எந்த டிஸ்க்கும் வேண்டாம்.

ரீமாஸ்டர் என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

பழைய அனிமே உருவான விதத்தை முதலில் பார்த்துவிடலாம். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் ஒருபுறம் கோடு, மறுபுறம் வண்ணம். அதுதான் செல். கையால் வரைந்த பின்னணி ஓவியத்தின் மேல் அந்தத் தாளை வைத்து, மேலே தொங்கும் கேமராவில் ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடிப்பார்கள். திரையரங்கப் படத்துக்குப் பெரும்பாலும் 35 எம்எம், தொலைக்காட்சித் தொடருக்குப் பெரும்பாலும் 16 எம்எம் ஃபிலிம். ஆக, கடைசியில் மிஞ்சுவது ஒரு ஃபிலிம் சுருள்.

நாம் முதலில் பார்த்த வீடியோ டேப்புகளும் டிவிடிகளும் அந்தச் சுருளை எப்போதோ ஒருமுறை வீடியோவாக மாற்றி, அந்த வீடியோவிலிருந்து எடுத்த நகல்கள்தான். ஒழுங்கான ரீமாஸ்டரில் அலமாரியிலிருந்து சுருளை மறுபடி எடுத்து, சுத்தம் செய்து, இன்றைய ஸ்கேனரில் ஓட்டுகிறார்கள். கீறல், தூசி, படம் ஆடுவது எல்லாவற்றையும் திருத்தி, வண்ணத்தைச் சரிசெய்கிறார்கள். ஒலிக்கும் இதே பாடு.

ஒழுங்கில்லாத ரீமாஸ்டரும் உண்டு. பழைய வீடியோவையே மென்பொருளில் போட்டுப் பெரிதாக்கி, கோடுகளைக் கூராக்கி, புது அட்டை ஒட்டி விற்பது. பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

1980களில் வரைந்த படத்தில் 4கே அளவுக்கு விவரம் எங்கிருந்து வரும்?

ஃபிலிமில் ஏற்கெனவே இருக்கிறது. டிவிடியில் ஒரு சட்டகத்துக்கு 720க்கு 480 புள்ளிகள். முழு எச்டியில் 1920க்கு 1080. 4கேயில் 3840க்கு 2160. நல்ல 35 எம்எம் நெகட்டிவில் டிவிடி காட்டியதைவிடப் பல மடங்கு விவரம் இருக்கும். டிவிடியிலிருந்து ப்ளூரேவுக்குப் போகும்போது கண்ணாடி போட்டுக்கொண்ட மாதிரி இருப்பது அதனால்தான்.

ப்ளூரேவிலிருந்து 4கேக்குப் போகும்போது அந்தத் தாவல் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அனிமேயில் கோடும் தட்டையான வண்ணமும்தான் முக்கால்வாசி. முகத்துச் சருமத்தின் நுண்துளைகளையா தேடப்போகிறோம்? கூடுதலாகத் தெரிவது பின்னணி ஓவியங்களில்தான். தூரிகை இழுத்த தடம், காகிதத்தின் சொரசொரப்பு, சில இடங்களில் செல் தாள் பின்னணியோடு சரியாகப் படியாமல் கதாபாத்திரத்தின் ஓரத்தில் விழும் மெல்லிய நிழல். அந்த நிழலை முதன்முறை கவனித்தபோது, நாற்பது வருடங்களுக்கு முன் யாரோ கையால் வைத்த தாள் இது என்று எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று உத்தரவாதம் இல்லை.

'அகிரா'வின் 4கே டிஸ்க் உண்மையிலேயே அவ்வளவு நன்றாக இருக்கிறதா?

கட்சுஹிரோ ஓட்டோமோவின் 'அகிரா' 1988இல் வந்தது. 4கே டிஸ்க் ஜப்பானில் 2020 ஏப்ரலில் வெளியானது. 35 எம்எம் மாஸ்டர் பாசிட்டிவிலிருந்து 4கேயில் ஸ்கேன் செய்தார்கள். அதாவது நெகட்டிவிலிருந்து எடுத்த முதல்தர நகல். நெகட்டிவே அல்ல என்பதால், விவரம் மட்டும் வேண்டுமென்றால் 2009 ப்ளூரேவுக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வெளிச்சத்தில் இருக்கிறது. அந்தக் கால அனிமேயில் விளக்கு, லேசர், தீப்பொறி எதையும் வெறும் வண்ணத்தால் தீட்டி விட்டுவிட மாட்டார்கள். கறுப்புத் தாளில் அந்த வடிவத்தை மட்டும் வெட்டி, அடியிலிருந்து விளக்கைப் பாய்ச்சி, அதே ஃபிலிம் சட்டகத்தில் இரண்டாவது தடவை படம் பிடிப்பார்கள். நிஜமான விளக்கொளிதான் ஃபிலிமில் பதிகிறது. தொடக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் துரத்தலில், பின்விளக்கு சிவப்புக் கோடாக இழுபட்டு நிற்குமே, அதை நினைத்துப் பாருங்கள். டிவிடியில் அது சிவப்புச் சாயம். எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் நுட்பம்) உள்ள 4கேயில், இருட்டுக்கு நடுவில் அது எரிகிறது. கதை நடக்கும் நியோ டோக்கியோ நகரத்தின் ஜன்னல்களும் அப்படியே. படத்துக்கு மொத்தம் 327 வண்ணங்கள், அதில் 50 இதற்கென்றே புதிதாகக் கலந்தவை என்று சொல்வார்கள். இரவுக் காட்சியை நீலமாக்கி ஒப்பேற்றாமல், இருட்டையே பல நிறங்களில் தீட்டிய படம். அந்த இருட்டுகள் ஒன்றோடொன்று கலந்து சேறாகாமல் தனித்தனியாகத் தெரிவதற்கே இந்த டிஸ்க்குக்குக் காசு கொடுக்கலாம்.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இசை கெய்னோ யமாஷிரோகுமி குழுவுடையது. இந்தோனேசிய கமெலான் தாளமும் ஜப்பானிய நோ நாடகக் குரலும் மோதிக்கொள்ளும் இசை. அந்தக் குழுவின் தலைவர் காதுக்கு எட்டாத அதிர்வெண்களும் உடலைத் தொடுகின்றன என்று நம்புகிறவர். அதனால் 2009 ப்ளூரேயிலேயே ஒலியை 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் கொடுத்தார்கள், அதாவது 96 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை அதில் பதிய முடியும். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். மீதி எங்கள் தெரு நாய்க்குக் கேட்டிருக்கலாம். ஆனால் கலவை பிரமாதம், அதில் சந்தேகமில்லை.

சரி, எச்டிஆர் இல்லாத டிவி வைத்திருப்பவர் இதை வாங்கலாமா? வேண்டாம். ப்ளூரே போதும்.

'கோஸ்ட் இன் த ஷெல்' தேடினால் இரண்டு மூன்று பதிப்பு வருகிறதே?

மமோரு ஓஷியின் படம் 1995இல் வந்தது. 2008இல் அவரே '2.0' என்று ஒன்றை வெளியிட்டார். அதில் சில காட்சிகளைக் கணினி வரைகலையில் புதிதாகச் செய்து மாற்றினார்கள். பச்சை சாயலில் இருந்த படம் ஆரஞ்சுக்குப் போனது. ஒலியை மறுபடி கலந்தார்கள். நாயகி தேடும் ஹேக்கரான பப்பெட் மாஸ்டரின் ஆண் குரல் பெண் குரலானது. அதை ரீமாஸ்டர் என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். இயக்குநர் தன் படத்தின் மேலேயே திரும்பி வரைந்த வேறொரு படம் அது.

வாங்க வேண்டியது 1995 பதிப்பின் 4கே. நடுவில் வசனமே இல்லாமல் கெஞ்சி கவாயின் இசை மட்டும் ஓட, மழையில் நனையும் கால்வாய் நகரத்தைச் சுற்றிக் காட்டும் சில நிமிடங்கள் உண்டு. பெயர்ப்பலகைகள், ஈரச் சுவர், படகில் போகும் நாயகி. கதைக்கு அங்கே ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இந்தப் படத்தை ஏன் நல்ல டிஸ்க்கில் பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் அந்தக் காட்சியைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ஜிப்லி படங்கள்?

இங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். ஜப்பானிய அனிமே ஸ்டுடியோவான ஜிப்லி, 4கே டிஸ்க் விஷயத்தில் அவசரப்படாத நிறுவனம். அவர்களுடைய படங்களில் முதலில் 4கே டிஸ்க்காக வந்தது 2023இன் 'தி பாய் அண்ட் த ஹெரான்'. 'பிரின்சஸ் மோனோநோகே'யின் 4கே ரீமாஸ்டர் 2025இல் வட அமெரிக்க ஐமேக்ஸ் திரைகளில் ஓடியது. பழைய படங்களுக்கு ப்ளூரேக்களே நன்றாக இருக்கின்றன. 'நௌசிகா', 'டோட்டோரோ' இரண்டின் ப்ளூரேக்களிலும் ஃபிலிமின் மணல் போன்ற குருணையை அப்படியே விட்டிருக்கிறார்கள். முகத்தில் பவுடர் பூசவில்லை.

'ஸ்பிரிட்டட் அவே'யில் மட்டும் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2002இல் ஜப்பானில் வந்த டிவிடி முழுக்கச் சிவப்பேறி இருந்தது. வெள்ளைச் சுவரும் மேகமும்கூட இளஞ்சிவப்பு. வாங்கியவர்கள் கொதித்துப்போய் நீதிமன்றம் வரை போனார்கள். 2014இல் வந்த ஜப்பானிய ப்ளூரேயில் அந்தச் சிவப்பு போய்விட்டது. 'அசல் வண்ணம்' என்று ஒன்று பாறையில் செதுக்கி வைத்திருக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்கிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2000க்குப் பிந்தைய படங்கள் வேண்டாம் என்றீர்களே, ஏன்?

அந்தச் சமயத்தில்தான் ஸ்டுடியோக்கள் செல்லை விட்டுவிட்டுக் கணினியில் வண்ணம் தீட்டத் தொடங்கின. படம் எந்த அளவில் உருவானதோ அதுதான் உச்சவரம்பு. திரும்பிப் போய் ஸ்கேன் செய்ய பெரிய ஃபிலிம் இல்லை. இருந்தாலும் அது அந்தக் கணினிப் படத்தின் நகல்தான். 4கே என்று வருவது பெரும்பாலும் பெரிதாக்கியது.

இயக்குநர் சடோஷி கோனின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'மில்லேனியம் ஆக்ட்ரஸ்' (2001) செல்லில் செய்தது, புது ஸ்கேனில் பலன் உண்டு. அடுத்த படமான 'டோக்கியோ காட்ஃபாதர்ஸ்' (2003) டிஜிட்டல். அருமையான படம், ஆனால் அதற்கு நல்ல ப்ளூரே இருந்தால் நான் அதோடு நிறுத்திக்கொள்வேன். எச்டிஆரால் வண்ணம் கொஞ்சம் செழிக்கலாம். அதற்கு முழு விலை கொடுப்பதா என்பது உங்கள் பர்ஸைப் பொறுத்தது.

புது டிஸ்க்கில் படம் புள்ளி புள்ளியாக இருக்கிறதே, பழுதா?

என் அம்மா கேட்டதும் இதுதான். "இவ்ளோ காசு குடுத்து வாங்கின, படம் ஏன்டா மழை தூறுற மாதிரி இருக்கு?" என்றார்.

அது ஃபிலிமின் குருணை. படம் அதனால் ஆனது. கோலத்தில் மாவை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொள்ள முடியாதல்லவா, அதுமாதிரி. ஆனால் கடைக்காரர்களுக்கும் என் அம்மாவின் புகார்தான் வருகிறது. அதனால் சில நிறுவனங்கள் மென்பொருளால் குருணையைத் துடைத்துவிடுகின்றன. அப்படித் துடைக்கும்போது மென்பொருளுக்குக் குருணை எது, கோடு எது என்று தெரிவதில்லை. மெல்லிய கோடுகளும் சேர்ந்து அழிகின்றன. மயிரிழைகள் காணாமல் போகும், கண்ணிமைக் கோடு பாதியில் நிற்கும், கதாபாத்திரம் வேகமாக நகரும்போது ஓரங்கள் மெழுகுபோல் இழுபடும். பிறகு மீதிக் கோடுகளைக் கூராக்கினால் அவற்றைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் வேறு.

வாங்குவதற்கு முன் இணையத்தில் யாராவது போட்டிருக்கும் ஸ்டில்களைப் பாருங்கள். வானமும் சுவரும் பிளாஸ்டிக் வாளிபோல் வழவழவென்று இருந்தால் அந்தப் பதிப்பை விட்டுவிடலாம்.

அகலத்திரையாக மாற்றியிருக்கிறார்கள். நல்லதுதானே?

இல்லை. சதுரத்துக்கு நெருக்கமான 4:3 வடிவத்தில் வரைந்ததை 16:9 திரைக்கு நிரப்பினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். 'டிராகன் பால் இஸட்' தொடரை அமெரிக்காவில் 2007இல் இப்படி வெட்டி விற்றார்கள். நாயகன் கோக்குவின் முடி உச்சியில் துண்டாகி நிற்பதை இன்றும் ரசிகர்கள் மன்னிக்கவில்லை. முடிதானே அந்தத் தொடரில் பாதி! திரையரங்குக்கென்று அகலமாகவே எடுத்த படங்களில் இந்தக் கவலை இல்லை.

இந்தியாவிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு வெளிநாட்டு டிஸ்க் வாங்கினால் ஓடுமா?

இதில் நான் சூடுபட்டவன். அமெரிக்கப் பதிப்பு ப்ளூரே ஒன்றை ஆசையாக வரவழைத்து, சுங்கவரியும் கட்டி, பிளேயரில் போட்டால் 'இந்தப் பகுதிக்குரியதல்ல' என்று ஒரு வரி. அவ்வளவுதான், படம் பரணுக்குப் போய்விட்டது. விற்றவர் மேல் தப்பில்லை, பெட்டியின் பின்னால் ஓரத்தில் போட்டிருந்ததை நான்தான் பார்க்கவில்லை.

ப்ளூரேக்காக உலகத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், ஒரு பகுதியின் டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாதபடி பூட்டி வைக்கலாம். அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் ஏ. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. இந்தியாவும் இலங்கையும் சி. ஆக, சிங்கப்பூரில் இருக்கும் நண்பருக்கு ஜப்பானிய டிஸ்க் சிக்கலில்லாமல் ஓடும், லண்டனிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர்களுக்கு ஓடாது. எல்லாப் பகுதிக்கும் திறந்த பிளேயர் இருந்தால் பிரச்சினையில்லை. பகுதிப் பூட்டே இல்லாமல் வரும் டிஸ்க்குகளும் நிறைய உண்டு.

4கே டிஸ்க்குக்குப் பகுதிப் பூட்டு கிடையாது. எங்கே வாங்கினாலும் எங்கேயும் ஓடும். நம்மைப் போன்றவர்களுக்கு 4கே வாங்க இதுவே பெரிய காரணம், படத்தின் தரம்கூட அப்புறம்தான். ஒன்று மட்டும் கவனம்: அதே பெட்டியில் கூடவே தரும் சாதா ப்ளூரேக்குப் பூட்டு இருக்கலாம். கூடுதல் காட்சிகளும் பேட்டிகளும் பல சமயம் அதில்தான் இருக்கும்.

என்ன பிளேயர், என்ன டிவி வேண்டும்?

வீட்டில் டிஸ்க் போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இருந்தால் அதுவே 4கே டிஸ்க்கை ஓட்டும். பிளேஸ்டேஷன் 4 புரோ ஓட்டாது, பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

டிவியைவிட அதன் அமைப்புகள் முக்கியம். அசைவை வழவழப்பாக்கும் வசதியை முதலில் அணையுங்கள். அனிமேயில் ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தி வைப்பார்கள். டிவி நடுவில் தானாக ஒரு ஓவியத்தைக் கற்பனை செய்து நுழைத்தால் அசைவு ஜவ்வாகிவிடும். 'நாய்ஸ் ரிடக்ஷன்' என்று இருப்பதையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்கில் பத்திரமாக வந்த குருணையை உங்கள் டிவியே துடைத்துவிடும்.

நெட்ஃப்ளிக்ஸில் இருக்கும்போது டிஸ்க் எதற்கு?

நியாயமான கேள்வி. 2020இலிருந்து அமெரிக்கா, கனடா, ஜப்பான் தவிர்த்த நாடுகளில் ஜிப்லியின் 21 படங்கள் நெட்ஃப்ளிக்ஸில் வந்தன. பலருக்கு அது போதும்.

இணையத்தில் முழு எச்டிக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது நொடிக்கு 5 மெகாபிட் வேகம், 4கேக்கு 15. ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் 40 வரை போகலாம், 4கே டிஸ்க்கில் 100ஐயும் தாண்டும். சலனமில்லாத காட்சியில் இது தெரியாது. மழை, புகை, 'அகிரா'வின் கடைசிப் பகுதி மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் வெடிக்கும் இடங்களில் படம் கட்டம் கட்டமாக உடையும்.

இன்னொன்று, இணையத்தில் இருப்பது அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. 2019இல் 'இவாஞ்சலியன்' தொடர் நெட்ஃப்ளிக்ஸில் வந்தபோது, ஜப்பானுக்கு வெளியே ஒவ்வொரு அத்தியாயத்தின் இறுதியிலும் வரும் 'ஃப்ளை மீ டு த மூன்' பாட்டைக் காணவில்லை. பாட்டு போனதும் அந்த அத்தியாயங்கள் முடியும் விதமே மாறிவிட்டது.

சின்ன வயதில் டிவியில் பார்த்த ஜப்பானிய ராமாயணத்தையும் ரீமாஸ்டர் செய்தார்களாமே?

ஆமாம். யூகோ சாக்கோ, நம்மூர் ராம் மோகன், கோய்ச்சி சசாகி மூவரும் இயக்கிய 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா'. 90களின் தொடக்கத்தில் உருவானது. நம்மில் பலர் அதைக் கார்ட்டூன் சேனலில், மங்கிப்போன பிரதியில் பார்த்தவர்கள். 2025 ஜனவரி 24 அன்று 4கே ரீமாஸ்டராக இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது, தமிழ்க் குரலோடு. பழைய அனிமே ரீமாஸ்டர் ஒன்றைத் தமிழில் பெரிய திரையில் பார்க்கக் கிடைத்தது அபூர்வம். முழுக்க செல்லில் கையால் தீட்டிய படம் என்பதால் இந்த வேலைக்குத் தகுதியான படமும்கூட.

ஜப்பானியப் பதிப்பில் ஆங்கில சப்டைட்டில் இருக்குமா?

பலவற்றில் இருக்காது. ஜிப்லியின் ஜப்பானிய ப்ளூரேக்களில் இருக்கும். வாங்குமுன் பெட்டியின் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

புது டிஸ்க் வந்ததும் பழைய டிவிடியைக் கொடுத்துவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். 'அகிரா'வுக்கு இரண்டு ஆங்கில டப்பிங் உண்டு, முதலில் வந்தது ஒன்று, 2001இல் புதிதாகச் செய்தது ஒன்று. எல்லாப் பதிப்பிலும் இரண்டும் இருக்காது. நீங்கள் வளர்ந்தது பழைய குரலோடு என்றால் புது டிஸ்க்கில் நாயகன் கனேடா வேறு யாரோ மாதிரிப் பேசுவான். அதேபோல் பழைய டிவிடியில் வந்த பேட்டிகள், ஓவியத் தொகுப்புகள் சில சமயம் புதுப் பெட்டிக்கு வராமலே போகும். என் பழைய டிவிடிகளை ஒரு ஷூ பெட்டியில் போட்டு பரண்மேல் வைத்திருக்கிறேன். அமெரிக்க ப்ளூரேவும் அங்கேதான் இருக்கிறது, பூட்டில்லாத பிளேயர் ஒன்று வாங்கும்வரை.